உங்க வீட்டு மரத்தை வெட்ட யாரைக் கேட்கணும்?

உங்களுக்கு ஒரு கேள்வி.

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. மரக்கன்றை வைத்தது தாத்தா. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது பாட்டி. இப்போது வீட்டில் இன்னொரு அறை கட்ட வேண்டும். அந்த மரம் இடைஞ்சலாக இருக்கிறது. வெட்டலாமா?

'இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நம்ம இடம், நம்ம மரம். ஆளைக் கூப்பிட்டு வெட்ட வேண்டியதுதானே...' என்று சொல்லத் தோன்றுகிறதா? உங்கள் வீடு டில்லியில் இருந்தால் அது நடக்காது. மும்பையிலும் நடக்காது. நம் ஊட்டியிலேயே நடக்காது. முதலில் ஒரு மனு எழுத வேண்டும். அப்புறம் அதிகாரி வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். 'சரி, வெட்டிக் கொள்ளுங்கள்' என்று அவர் எழுத்தில் கொடுத்த பிறகுதான் கோடாரியைத் தொடலாம்.

சொந்த வீட்டில் நிற்கும் மரத்துக்கு எதற்கு இத்தனை கெடுபிடி? வாங்க, ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்ப்போம்.

எது மரம்?

டில்லியில் இதற்கென்றே 1994ல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு சங்கடம் வந்துவிடும். மரத்தை வெட்டக் கூடாது என்று எழுதினால் மட்டும் போதாது. எது மரம், எது செடி என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேலியோரத்துச் செம்பருத்தியை வெட்டியவர் மீதும் யாராவது புகார் கொடுத்து விடுவார்களே!

அதனால் டில்லிச் சட்டத்தில் அளவோடு எழுதி வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டை அளக்க வேண்டும். அந்த இடத்தில் குறுக்களவு 5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உயரம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் அது மரம். 5 செ.மீ. என்றால் எவ்வளவு பருமன் தெரியுமா? நடுத்தரமான ஒரு மூங்கில் கழி அளவுதான். அவ்வளவு சின்ன மரத்தைக்கூட, அது உங்கள் வீட்டு முற்றத்திலேயே நின்றாலும், கேட்காமல் வெட்ட முடியாது.

யாரைக் கேட்பது? அதற்கு 'மர அதிகாரி' என்றே ஒரு பதவி இருக்கிறது. அவருக்கு மனுப் போட வேண்டும். அவர் 60 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பட்டுப்போன மரம், நோய் பிடித்த மரம், காற்றில் சாய்ந்த மரம், ஆட்கள் தலையிலோ வீட்டின் மீதோ விழக் கூடிய மரம் என்றால் அனுமதி மறுக்க மாட்டார்கள்.

'அய்யய்யோ... மரம் இப்பவே வீட்டு மேல சாயுது. 60 நாள் எப்படிக் காத்திருப்பது?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. உயிருக்கோ சொத்துக்கோ பெரிய ஆபத்து என்றால் உடனே வெட்டலாம். ஆனால், 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

அனுமதி கிடைத்து மரத்தை வெட்டியாகி விட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லை. ஒரு மரத்துக்கு 10 கன்றுகள் வைக்க வேண்டும் என்ற கணக்கை டில்லியில் பல ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறார்கள். கேட்காமல் வெட்டியவருக்கு, ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது 1994ம் ஆண்டுச் சட்டம். பெரிய பங்களா கட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிக்க வேண்டிய விஷயம்தான்!

வேர் எங்கே, நிழல் எங்கே?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். நம் மரத்துக்கு அரசாங்கத்தை ஏன் கேட்க வேண்டும்?

உங்கள் வீட்டு மரம் காம்பவுண்டுச் சுவரோடு நின்று விடுவதில்லை குட்டீஸ். நிழல், காலையில் ஒரு பக்கத்து வீட்டிலும் மாலையில் இன்னொரு பக்கத்து வீட்டிலும் விழுகிறது. அந்தத் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் வண்டியை அதன் கீழேதான் நிறுத்துவார். இலைகள் வெளியே விடும் நீராவியால் தெரு முழுவதும் கொஞ்சம் குளிர்கிறது. மழைத் தண்ணீர் வேரோடு மண்ணுக்குள் இறங்கினால், ஊறுவது உங்கள் கிணறு மட்டுமா? காக்கைக்கும் அணிலுக்கும் உங்கள் வீட்டுக் கதவு எண்ணெல்லாம் தெரியாது. மரத்தின் சொந்தக்காரர் ஒருவர், அதனால் பயன் அடைகிறவர்கள் பலர். ஒருவர் முடிவெடுத்தால் பலருக்கு நஷ்டம் என்பதால்தான், நடுவில் ஒரு அதிகாரியை வைத்திருக்கிறார்கள்.

ஆனால், வெட்ட நினைக்கிற எல்லாரையும் கெட்டவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். வேர் போய்ச் சுவரில் விரிசல் விட்டிருக்கும். கிளை மின்சாரக் கம்பியில் உரசும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது கார் மீதும் கூரை மீதும் மரங்கள் விழுந்து கிடந்ததை உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டால் சொல்வார்கள். அப்படி ஒரு பயம் உள்ள வீட்டில், 'மரம் நல்லது' என்று பாடம் நடத்தினால் எடுபடாது. அங்கேதான் நேரில் வந்து பார்க்கிற அதிகாரி வேண்டும். முழு மரத்தையும் வெட்ட வேண்டுமா, இரண்டு கிளையைக் கழித்தால் போதுமா என்று அவர் பார்த்துச் சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டம் ரொம்பக் கடுமையாக இருந்தால், 'நாளைக்கு வெட்ட முடியாதே, எதற்கு வைக்க வேண்டும்?' என்று மரமே வைக்காமல் இருந்து விடுவார்கள். கர்நாடக அரசு 1976ல் போட்ட சட்டத்தில் தென்னை, சவுக்கு, தைல மரம் போன்ற சிலவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. சவுக்கு போடுகிறவரே வெட்டி விற்பதற்காகத்தானே போடுகிறார்!

மரத்துக்கு ஒரு நோட்டீஸ்

மும்பைக்குப் போவோமா? மகாராஷ்டிர மாநில நகரங்களுக்கான மரப் பாதுகாப்புச் சட்டம் 1975ல் வந்தது. அங்கே ஒரு வேடிக்கையான வழக்கம். மரத்தை வெட்ட யாராவது அனுமதி கேட்டால், அந்த மரத்தின் மீதே ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். அந்த வழியாகப் போகிற யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு, 'இதை வெட்டாதீர்கள்' என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்கலாம்.

2021ல் அந்தச் சட்டத்தில் ஒரு புது விதியைச் சேர்த்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன மரம், 'பாரம்பரிய மரம்'. அது மட்டுமல்ல. ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ, அத்தனை மரங்கள் வைக்க வேண்டும்! 12 வயது மரத்துக்கு 12. தாத்தா காலத்து 70 வயது மரத்துக்கு 70. டில்லியில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. எனக்கென்னவோ மும்பைக் கணக்குத்தான் நியாயமாகப் படுகிறது. உங்களுக்கு?

ஆனாலும் எழுபது கன்றுகளைச் சேர்த்தாலும் எழுபது வயது மரம் ஆகிவிடாது. கன்றில் கிளி கூடு கட்டுமா, பொந்து இருக்குமா? அதற்கு இன்னும் எழுபது வருடம் ஆக வேண்டும்.

சாங்கியில் நடந்தது

விமான நிலையத்தால் உலகம் முழுவதும் தெரிந்த பெயர், சிங்கப்பூரின் சாங்கி. அங்கே முன்பு கடலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி மிகப் பெரிய மரம் ஒன்று நின்றது. உயரம் 76 மீட்டர் என்பார்கள். அதாவது, இருபது மாடிக் கட்டடத்தையும் தாண்டிய உயரம். வரைபடங்களில்கூட அதைக் குறித்து வைத்திருந்தார்கள். 1942ல், இரண்டாம் உலகப் போரில், ஜப்பான் படை சிங்கப்பூரை நெருங்கியது. எதிரியின் பீரங்கிகள் குறி பார்க்க இந்த மரம் அடையாளமாகி விடுமே என்று, பிரிட்டிஷ் படையினரே அதைச் சாய்த்து விட்டார்கள்.

இனிமேல்தான் நம் கதை. 1991ல் சிங்கப்பூர் அரசு இரண்டு பகுதிகளை, மரப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. ஒன்று நகரின் நடுப்பகுதி. இன்னொன்று சாங்கி. அந்தப் பகுதிகளில் மரத்தைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றி அளக்க வேண்டும். சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால், வீட்டுத் தோட்டத்து மரமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

சாங்கியில் ஹால்டன் சாலை என்று ஒரு சாலை. அங்கே உள்ள ஒரு பழைய பங்களாவின் வளாகத்தில், சுமார் 150 வயதான மரம் ஒன்று நின்றது. அதன் இனத்துக்கு 'ஹோபியா சங்கல்' என்று பெயர். சிங்கப்பூரில் இந்த இனமே அழிந்து போய்விட்டது என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 2002ல், தாவரங்களைத் தேடித் திரிகிற ஆய்வாளர்கள் இந்த மரத்தை அடையாளம் கண்டார்கள். சாங்கி என்ற பெயரே இந்த மர இனத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படியானால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள், பாருங்கள்! ஊருக்குப் பெயர் கொடுத்த மரம், ஊருக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டு வளாகத்தில் நின்று கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சந்தோஷம் சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மரத்தைக் காணவில்லை. வெட்டிச் சாய்த்திருந்தார்கள்.

வெட்டியது திருடன் இல்லை குட்டீஸ். அந்த வீடுகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்த ஒரு தனியார் நிறுவனம்தான் ஆள் வைத்து வெட்டியது. அனுமதி வாங்கவில்லை. ஒரு மனு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதிகாரி வந்து நாடாவைச் சுற்றியிருப்பார். ஒரு மீட்டரை எப்போதோ தாண்டிய மரம் என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். எந்த இனம் என்று விசாரித்திருப்பார். அத்தோடு கோடாரி திரும்பிப் போயிருக்கும்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அபராதம் 8,000 சிங்கப்பூர் டாலர். அது போக மரத்துக்கு விலை போட்டு, 76,035 டாலரை அரசுக்குக் கட்டச் சொன்னார்கள். மரத்துக்கு இவ்வளவு விலையா என்று வாயைப் பிளக்கிறீர்களா? பணத்தைக் கட்டி விடலாம். 150 வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வெட்டிய மரத்திலிருந்து கிடைத்த விதைகளைப் பொறுக்கி எடுத்து முளைக்க வைத்தார்கள். அந்தக் கன்றுகள் சாங்கியிலேயே நடப்பட்டன. தண்டுப் பகுதிகள் சிற்பிகளுக்குப் போய், சிற்பங்களாக மாறின. 2005ல் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். இப்போது அங்கே அப்படி ஒரு மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டினால், அபராதம் 50,000 டாலர் வரை போகலாம்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. முக்கியமான மரங்களைத் தேர்ந்தெடுத்து, பாரம்பரிய மரங்கள் என்று 2001 முதல் பட்டியல் போட்டு வருகிறார்கள். அந்த மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைத்து, இடி மின்னல் தாக்காமல் இருக்க இடிதாங்கியும் பொருத்துகிறார்கள். கோபுரத்துக்கு இடிதாங்கி பார்த்திருப்பீர்கள். மரத்துக்குப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு ராத்திரி, 454 மரங்கள்

நம் நாட்டிலும் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. தாஜ்மகாலின் வெள்ளைப் பளிங்கு, புகையால் நிறம் மாறுகிறது என்று சொல்லி, அதைச் சுற்றி சுமார் 10,400 சதுர கி.மீ. பரப்பை சிறப்புப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் சுப்ரீம் கோர்ட்டைக் கேட்காமல் மரங்களை வெட்டக் கூடாது என்று, 2015லேயே உத்தரவு போடப்பட்டது.

2024 செப்டம்பரில் ஒரு ராத்திரி, மதுரா மாவட்டத்தில் பிருந்தாவனம் பக்கத்தில், தனியாருக்குச் சொந்தமான ஒரு தோட்டத்திலும் அதை ஒட்டிய இடத்திலுமாக 454 மரங்களை வெட்டித் தள்ளி விட்டார்கள். ராத்திரியில் ஏன் வெட்டினார்கள் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மொத்தம் 4 கோடியே 54 லட்சம்! அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, நீதிபதிகள் சம்மதிக்கவில்லை. இந்த மரங்களால் கிடைத்த பசுமையைத் திரும்பக் கொண்டு வர, குறைந்தது 100 ஆண்டுகள் ஆகும் என்று தீர்ப்பில் சொன்னார்கள். அந்தத் தோட்டமும் சொந்த நிலம்தான் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில்?

தமிழகத்தின் மலைப் பகுதிகளுக்கு, டில்லிக்கெல்லாம் முன்பே, 1955ல் ஒரு சட்டம் வந்து விட்டது. நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில், பட்டா நிலமாக இருந்தாலும், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்கித்தான் மரத்தை வெட்ட முடியும். சமவெளியில் மரம் போனால் நிழல் போகும். மலையில் மரம் போனால் மண்ணே சரிந்து கீழே வந்து விடும். அதனால்தான் அங்கே முதலில் சட்டம் வந்தது.

சந்தன மரத்துக்கு மலையும் கிடையாது, சமவெளியும் கிடையாது. பறவை போட்ட விதையில் உங்கள் தோட்டத்தில் தானாக முளைத்திருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது.

அப்புறம் வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவோரம் நிற்கிற மரம். பல வீடுகளில் இதை நம் மரம் என்றே நினைத்துக் கொள்கிறார்கள். தண்ணீர் ஊற்றியது நாமாகவே இருக்கலாம். ஆனால், அது பொது மரம். பொது இடங்களில் உள்ள மரங்களை வெட்ட வேண்டுமா, வேண்டாமா என்று பார்க்க, 2021ல் தமிழக அரசு மாவட்டந்தோறும் பசுமைக் குழு அமைக்கச் சொன்னது. கடைப் பெயர்ப் பலகையை மறைக்கிறது என்பதற்காக, யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஆள் வைத்து வெட்டி விட முடியாது.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும் குட்டீஸ். உங்கள் வீட்டில் மரம் வெட்டும் பேச்சு வந்தால், ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆபீசிலோ, வனத்துறை ஆபீசிலோ அப்பாவை ஒரு தடவை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தெருவில் யாராவது மரத்தை வெட்டிக் கொண்டிருந்தால், நீங்களாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். மேலேயிருந்து கிளை விழும். பெரியவர்களிடம் சொல்லி, அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

நூலை எடுங்க, அளந்து பாருங்க!

ஒரு நீளமான நூல், ஸ்கேல், பென்சில் இருந்தால் போதும். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மரத்துக்குப் போங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வையுங்கள். 50 செ.மீ. உயரத்தில் இன்னொன்று. ஆணி அடிக்க வேண்டாம், ப்ளீஸ்!

முதல் புள்ளியில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் அளங்கள். அதுதான் சுற்றளவு. அதை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு வந்து விடும். 5 செ.மீ.க்குக் குறையாமல் இருந்து, ஒரு மீட்டர் உயரமும் இருந்தால், டில்லியில் உங்கள் மரத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அடுத்து இரண்டாவது புள்ளி. இங்கே வகுக்க வேண்டாம். சுற்றளவு 100 செ.மீ.யைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால், சாங்கியில்கூட உங்கள் மரத்தைக் கேட்காமல் தொட முடியாது.

இங்கிலாந்துக் கணக்கு வேறு. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், 1.5 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். குறுக்களவு 7.5 செ.மீ.யைத் தாண்டினால், வெட்டுவதற்கு ஆறு வாரங்கள் முன்பே நகராட்சிக்குச் சொல்ல வேண்டும். உங்கள் உயரம் 1.5 மீட்டர் இல்லையென்றால், அண்ணனையோ அக்காவையோ துணைக்குக் கூப்பிட்டுக் கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் முருங்கை, டில்லியில் மரமாகிவிடும். சாங்கியில் ஆவது கஷ்டம். கொய்யா எப்படி, பள்ளிக்கூடத்துப் புங்கமரம் எப்படி என்று அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இதே தேதியில், அதே புள்ளியில் திரும்பவும் அளந்தால் எத்தனை செ.மீ. கூடியிருக்கிறது என்று தெரியும்.